எழுபத்தாறா எழுபத்தெட்டா

லண்டன் வால்தம்ஸ்டோவில் எனக்கு முன்னமே ஒருவர் தமிழ்க் கடை போட்டிருந்தார் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. போட்டிருந்தார்தான். இரண்டாவது மாரி வருவதற்குள் பூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் எண்பதுகளின் நடுவில் திறந்த கடை பிறகு மூன்றானது. இல்ஃபோர்ட்டில் ஒன்று, சவுத்தாலில் ஒன்று. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாழ்ப்பாணத்தில் ஒரு தியேட்டர் வாசலில் கச்சான் கடலை விற்றவன். லண்டனுக்கு வந்து பெற்றோல் ஷெட்டில் வேலை செய்து, கவுன்சிலில் இருந்து வரும் கடிதங்களை வாடிக்கையாளரைக் கொண்டு வாசிப்பித்து, அப்படியே முதலாளியானேன். கோட்டுப் போட்ட படிப்பாளிகள் என்னிடம் வந்து வியாபாரம் செய்வது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். நானும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன்.

அந்த நாளில் சனம் கருவாட்டுக்கும் பனங்கிழங்கு ஒடியல் மாவுக்கும் வந்ததைவிடப் பாட்டுக்கு வந்தது கூட என்றுதான் சொல்ல வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் ஒரு இரட்டைக் கசெற் மெஷின் வைத்திருந்தேன். வேண்டிய பாட்டைச் சொல்லிவிட்டுப் போனால் அடுத்த கிழமை வந்து பதிந்த கசெற்றை எடுத்துக்கொண்டு போகலாம். பதிவது சும்மா வேலை இல்லை. ஒரு பக்கத்தில் எத்தனை பாட்டு அடங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். கடைசிப் பாட்டு நடுவில் அறுந்தால் வாடிக்கையாளனும் அறுந்து போவான். என்னுடைய கசெற் ஒன்றாவது பாதியில் அறுந்தது என்று கிழக்கு லண்டனில் ஒருவரும் சொல்ல ஏலாது.

மற்றக் கடைக்காரர்கள் படத்தின் பெயரையோ பாடியவரின் பெயரையோ எழுதி அடுக்கினார்கள். எனக்கு எழுத்து வேலை கொஞ்சம் சிரமம். இலக்கம் சுகம். அதனால் வருடப்படி அடுக்கினேன். எழுபத்திரண்டு, எழுபத்தைந்து, எண்பது என்று முதுகில் தடித்த பேனையால் எழுதினேன். என் வசதிக்குச் செய்த வேலை, பிறகு பார்த்தால் சனத்துக்குப் பைத்தியமாகப் போய்விட்டது. கலியாணம் கட்டிய வருடத்தைக் கேட்டு வந்தார்கள். நாட்டை விட்டு வெளிக்கிட்ட வருடத்தைக் கேட்டு வந்தார்கள். சோதனை பெயிலான வருடத்தை ஒருவர் கேட்டு வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

எல்லா வருடத்துக்கும் ராசா எழுபத்தெட்டு என்பது என் முடிவு. கடைக்கு வந்த எல்லாருக்கும் அதைச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சாமான் வாங்க வந்தவர்கள் கடைக்காரனோடு மல்லுக்கட்ட மாட்டார்கள் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. என் தீர்ப்புக்குக் கிடைத்த மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

தலையாட்டாத ஒரே ஆள் மாஸ்ரர்.

மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். ஊரில் படிப்பித்தவர். இங்கே நான் விட்டுவந்த அதே பெற்றோல் ஷெட் வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மனைவியும் பிள்ளைகளும் பஸ்ஸில் வீட்டுக்குப் போக, இவர் கழுத்தில் கட்டிய டையோடு என் கடைக்கு வருவார். முதல்நாள் வந்தபோது மெஷினில் எழுபத்தெட்டு ஓடிக்கொண்டிருந்தது. பருப்புப் பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டு முழுவதையும் நின்று கேட்டார். பிறகு கசெற் பெட்டியை எடுத்து முதுகைப் பார்த்தார்.

"இது எழுபத்தாறெல்லோ அண்ணை."

"எழுபத்தெட்டு. நான் கேட்டனான்."

"நானும் கேட்டனான். எழுபத்தாறில."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இந்தியாவில் ஓடி முடிந்த படம் எங்கள் பட்டணத்துத் தியேட்டருக்கு வந்து சேர ஒரு வருடமும் செல்லும், இரண்டு வருடமும் செல்லும். எங்கள் வீட்டில் ரேடியோ இல்லை. எனக்குப் பாட்டு என்பது தியேட்டர் சுவருக்கு வெளியே நின்று கேட்டதுதான். படம் வந்த அன்றைக்குத்தான் பாட்டும் வந்தது. மாஸ்ரருக்கு அப்படி இல்லை. மன்னார்க் கரையில் இந்திய ரேடியோ பக்கத்து வீட்டுக் கதை மாதிரித் தெளிவாகக் கேட்கும். படம் கப்பலேறுவதற்கு முன்னமே பாட்டு அவருக்கு வந்துவிட்டது. எனவே ஆகச் சிறந்த பாட்டுகள் எவை என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. ஒரே பாட்டுகள்தான். ஆகச் சிறந்த வருடம் எது என்பதில்தான் சண்டை.

சண்டை என்றால் ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு இல்லை. வருடக்கணக்கு.

நான் ஒருநாள் மாங்காய் ஊறுகாய்ப் போத்தலைத் தூக்கிக் காட்டிக் கேட்டேன், இதற்கு வருடம் மாங்காய் பறித்த நாளா, சோற்றில் வைத்துத் தின்ற நாளா என்று. கடையில் நின்றவர்கள் என் பக்கம் சிரித்தார்கள். மாஸ்ரர் போத்தலை வாங்கி அடியில் இருந்த திகதியைப் பார்த்தார்.

"பிள்ளை பிறந்த நாளைத்தான் அண்ணை பதியிறது. மாமியார் வந்து பார்த்த நாளை இல்லை."

சிரிப்பு அந்தப் பக்கம் போய்விட்டது. அன்று முழுவதும் எனக்கு வியாபாரத்தில் மனம் ஓடவில்லை. என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று வெங்காயம் நிறுக்கும்போதும் யோசித்தேன். செவ்வாய்க்கிழமை நல்ல பதில் ஒன்று கிடைத்தது. ஞாயிறு வரைக்கும் அதை மனதில் பொத்தி வைத்திருந்தேன். அப்படி ஒரு கிழமையை எதிர்பார்த்து இருந்த காலம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சென்னையில் இருந்து வந்த ஒரு அம்மா கறிவேப்பிலை வாங்க வருவார். ஒரு ஞாயிறு எங்கள் வாதத்தைக் கேட்டுவிட்டு நடுவில் புகுந்தார். "சார் சொல்றதுதான் சரி. படம் எழுபத்தாறு. நான் அப்ப காலேஜ்ல படிச்சிட்டிருந்தேன்" என்றார். நான் விடவில்லை. எழுபத்தாறு உங்களுக்கு அம்மா, எங்களுக்கு அது கப்பலில் வர வேண்டியிருந்தது என்றேன்.

"பாட்டுக்குமா கப்பல் வேணும்?" என்றார் அவர்.

"எங்களுக்குக் காத்துப் போதும். அண்ணைக்குத்தான் கப்பல்" என்றார் மாஸ்ரர்.

அந்த அம்மா கறிவேப்பிலையை மறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனிதர் என்னை என் கடைக்குள் வைத்து மடக்கினார், ஒரு நாளும் இளக்காரமாகப் பேசவில்லை. படித்தவன் என்ற எடுப்பு அவரிடம் இருக்கவில்லை. மற்றவர்கள் என் முகத்துக்கு ஓம் சொல்லிவிட்டு வாசலுக்கு வெளியே வேறு கதைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். இவர் வாயில் இருந்து ஒருமுறை, "அண்ணை, எழுபத்தெட்டுத்தான்" என்று வர வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மூன்று கடை பிடித்தவனுக்கு ஒரு சொல் பிடிக்க ஏலவில்லை.

அந்தச் சொல்லுக்காகத்தான் பட்டிமன்றமே வைத்தேன். எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு மண்டபமும் வடையும் என் பொறுப்பு என்று ஒத்துக்கொண்டேன். பதிலுக்கு, தலைப்பை நான் தருவேன் என்றேன். திரைப்பாட்டில் சிறந்த வருடம் எது. பெரிய தலைப்பு ஒன்றும் இல்லை என்று சிலர் முகம் சுளித்தார்கள். வடை யாருடையது என்று கேட்டேன். தலைப்பு அப்படியே நின்றது.

அது ஒரு ஆரம்பப் பள்ளிக்கூட மண்டபம். பெரிய மனிதர்கள் எல்லாரும் சின்னப் பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் நாடியில் இடிக்க இருந்தார்கள். நடுவர் ஒரு பல் வைத்தியர். மாஸ்ரர் முதலில் பேசினார். கையில் ஒரு துண்டு கூட இல்லை. பாட்டு காற்றில் வருகிறபோது யாருடையதும் இல்லை, டிக்கெற் வாங்காதவனுக்கும் அது வரும், அப்படி வந்த வருடம்தான் அதற்குப் பிறந்த வருடம் என்றார். கடற்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டே அந்தப் பாட்டுகளை முணுமுணுத்தவர்களைப் பற்றிச் சொன்னார். எனக்கே கேட்டுக்கொண்டு இருக்கலாம் போல இருந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். கடையில் நான் பேசினால் தெரு முனையில் கேட்கும். அங்கே மைக்கைப் பிடித்தேன். சபைக்கு வணக்கம் என்றேன். திரும்பவும் வணக்கம் என்றேன். பிறகு பேசுவதை விட்டுவிட்டு, கொண்டுபோன கசெற்றை ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுத்துப் போடச் சொன்னேன். முதல் வயலின் இழுப்பு வந்ததும் மண்டபம் அசைந்தது. பின்வரிசைப் பெண்கள் பாடத் தொடங்கினார்கள். முடிகிறபோது எல்லாரும் பாடினார்கள். வென்றுவிட்டேன் என்று மாஸ்ரரைப் பார்த்தேன். அவரும் பாடிக்கொண்டுதான் இருந்தார். பாடி முடித்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினார்.

பல் வைத்தியர் யாருக்கும் நோகாமல் தீர்ப்புச் சொன்னார். இரண்டு வருடமும் சிறந்த வருடமாம். ஒன்றுக்கொன்று சளைத்தது இல்லையாம். கைதட்டினார்கள். மாஸ்ரரும் நானும் கைதட்டவில்லை. வெளியே மழை தூறிக்கொண்டு இருந்தது. என் கடைச் சாமான் வானில் ஏறியதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்த மனுசனைத் திட்டத் தொடங்கினோம். வாழ்க்கையில் முதன்முதல் நாங்கள் ஒரு கட்சியில் நின்றோம்.

அவர் வீட்டு வாசலில் வானை நிறுத்தியும் அவர் இறங்கவில்லை. எழுபத்தாறில்தான் தனக்கு முதல் வேலை கிடைத்தது என்றார். கடற்கரையோரம் ஒரு அறை, முதல் சம்பளத்தில் வாங்கிய சின்ன ரேடியோ, யன்னலில் வைத்தால்தான் பிடிக்குமாம். நானும் சொன்னேன். எழுபத்தெட்டில்தான் தியேட்டர் வாசலில் கச்சான் விற்ற எனக்கு உள்ளே இருந்த தேத்தண்ணிக் கடை குத்தகைக்குக் கிடைத்தது. ஆனால் படத்தை நான் பார்த்ததில்லை. இடைவேளைக்கு முன்னம் வடையும் சோடாவும் அடுக்க வேண்டும். எந்தப் பாட்டுக்கு முன்னால் அழுகைச் சத்தம் வரும், எதற்கு முன்னால் அடிபாடு வரும் என்பது எனக்கு மனப்பாடம். யார் அழுதது, ஏன் அடித்தது என்று இன்றைக்கும் தெரியாது.

மாஸ்ரர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீங்கள் பாட்டைச் சொல்லேல்லை அண்ணை. உங்களைத்தான் சொல்லிக்கொண்டு இருக்கிறியள்."

"நீர் மட்டும் என்னவாம்?"

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் மனைவி யன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். இறங்குகிறபோது, எழுபத்தாறை இதற்காக விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

தொண்ணூறுகள் வந்தன. சனம் கசெற்றை விட்டு சீடிக்கு மாறியது. நானும் மாறினேன், வியாபாரம் தெரிந்தவன் மாறுவான். மாஸ்ரர் மட்டும் மாறாமல் ஞாயிறு தோறும் வந்தார். பெற்றோல் ஷெட் வேலை அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு இருந்தது. முதுகு நோவு. பிள்ளைகள் வளர்ந்து, இரண்டு அறை வீட்டில் ஆளுக்கு ஆள் தட்டுப்பட்டார்கள். மனைவியின் சகோதரங்கள் எல்லாரும் கனடாவில், ரொறன்ரோவில். அங்கே வந்தால் நிலவறையோடு வீடு எடுக்கலாம் என்று அவர்கள் விடாமல் கூப்பிட்டார்கள். ஒரு ஞாயிறு மாஸ்ரர் அரிசிப் பையில் சாய்ந்து நின்றுகொண்டு, போறதாக முடிவாகிவிட்டது என்றார். வருடத்தைப் பற்றி அன்று ஒரு கதையும் இல்லை.

போகவேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குச் சாமானைக் கூவி விற்கத் தெரியும், கவுன்சில்காரனோடு பேரம் பேசத் தெரியும், அது தெரியவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த பாஷையில் கேட்டேன். இல்ஃபோர்ட் கடையைப் பார்க்க நம்பிக்கையான ஆள் வேணும், மேலே மூன்று அறை வீடும் இருக்கு, குடும்பத்தோடு வந்து இரும் என்றேன். கதிரையில் இருந்து செய்கிற வேலை, முதுகுக்கும் நல்லது என்றேன். நல்ல பேரம்தான். வேறு யாராக இருந்தாலும் பாய்ந்து பிடித்திருப்பார்கள்.

 பக்கத்தில் ஒருவர் ரின்னில் அடைத்த மீன் வாங்கிக்கொண்டு போகும் வரைக்கும் மாஸ்ரர் காத்திருந்தார்.

"உங்களிட்டச் சம்பளம் வாங்கினா நான் உங்களோட என்னண்டு அண்ணை வாதாடுறது?"

"வாதாடும். ஆர் வேண்டாம் எண்டது?"

"ஏலாது அண்ணை. நீங்கள் விடுவியள். எனக்கு வாய் வராது."

நான் அவரைப் பார்க்காமல் தராசைத் துடைத்தேன். அவர் சொன்னது சரி என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. என் கடைகளில் வேலை செய்த ஒருவரும் எழுபத்தாறு என்று சொன்னதில்லை.

அவர்கள் போன நாள் ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைதான் கொழும்பில் இருந்து விமானத்தில் மரக்கறி வரும். முருங்கைக்காயும் கீரையும் காத்திருக்காது என்று ஹீத்ரோவுக்குப் போகவில்லை. முதல்நாள் அவர் வீட்டுக்கு மிளகாய்த் தூளும் கருவாடும் கட்டி அனுப்பினேன். வாழ்க்கையில் எத்தனையோ பெட்டி முருங்கைக்காய் அழுகி எறிந்திருக்கிறேன். அந்த ஒரு வெள்ளியும் அழுகட்டும் என்று விட்டிருக்கலாம்.

பிறகு தொலைபேசி. ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பின்னேரம், அவருக்குக் காலை. கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்துதான் எடுப்பேன். முதல் மாரியில் நன்றாகச் சண்டை பிடித்தோம். இந்தக் குளிரில் எழுபத்தாறு இன்னும் தெளிவாகக் கேட்கிறது என்றார். இங்கே ஒரு வாடிக்கையாளர் எழுபத்தெட்டைக் கேட்டு அழுதுவிட்டார் என்று நான் சொன்னேன், அது பொய். அடுத்த வருடம் பூசைக்குப் பிந்துது என்றார், மச்சான் வீட்டுக்கு வெளிக்கிடுறம் என்றார். அவர் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் செய்தார். ஞாயிறும் சில நேரம் வேலை. நான் எடுத்தால் பிள்ளைகள் இங்கிலீசில் பேசி ரிசீவரை வைத்துவிட்டுத் தேடுவார்கள். அந்த வீட்டுச் சத்தம் எல்லாம் எனக்குக் கேட்கும். அவர் வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

ஒரு ஞாயிறு வெகு நாளைக்குப் பிறகு அவர் கிடைத்தார். குரலில் நித்திரை இருந்தது. சுகம் விசாரித்தேன், முதுகைப் பற்றிக் கேட்டேன். பிறகு வழக்கம்போல், என்ன மாஸ்ரர், இப்பவாவது ஒத்துக்கொள்ளுறீரோ என்று தொடங்கினேன். ஊறுகாயா, மாமியாரா, என்ன கொண்டு வரப்போகிறார் என்று காதை இறுக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஓம் அண்ணை" என்றார். "எழுபத்தெட்டுத்தான். நீங்கள் சொன்னதுதான் சரி."

பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வாறன் என்று அங்கே திரும்பிச் சொன்னார்.

எத்தனையோ வருடம் நான் கேட்டு நின்ற சொல். கடையில் வரிசையில் நின்ற இரண்டு மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் வேண்டா வெறுப்பாகச் சொல்லவில்லை. கேலியும் இல்லை. கையில் இருக்கிற சுமையை எங்கேயாவது இறக்கி வைக்கிற மாதிரிச் சொன்னார். 

"அப்பிடிச் சொல்லாதையும் மாஸ்ரர்" என்றேன். "எழுபத்தாறை அப்பிடி விட ஏலாது. நீர் அந்த அறையில, யன்னலில ரேடியோவை வைச்சுக் கேட்டதெல்லோ. பிறந்த நாளைத்தானே பதியிறது. நீர்தானே சொன்னனீர்."

அவருடைய வாதம் எல்லாவற்றையும் நான் சொன்னேன். காற்று, கரை, வலை காயப்போட்டவர்கள், டிக்கெற் வாங்காதவன். பட்டிமன்றத்தில் எனக்கு வராத வாய் அன்று வந்தது. ஒன்றையும் விடாமல், ஒழுங்கு மாறாமல் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, இதற்கு என்ன சொல்லுறீர் என்று கேட்டேன்.

மாஸ்ரர் சிரித்தார் போல இருந்தது. மூச்சுத்தானோ தெரியாது.

"வேலைக்குப் பிந்துது அண்ணை. வைக்கட்டே?"

வையும் என்றேன். அதற்குப் பிறகு நத்தார் பெருநாளுக்கும் பொங்கலுக்கும் எடுத்தோம். சுகம் கேட்டோம், பிள்ளைகளின் படிப்பைக் கேட்டோம். இரண்டு பேரும் எல்லாவற்றுக்கும் ஓம் என்றோம். பிறகு அதுவும் நின்றது. எழுபத்தெட்டு என்று நான் இன்றைக்கும் சொன்னால் மறுத்துச் சொல்ல ஆள் இல்லை.